சூடு வர்றதுக்கு முன்னாடி அணு என்ன பண்ணுது?

போன மாசம் மலேசியாவுல கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ல ஒரு மண்டபத்துல படிவம் ஆறு புள்ளைங்களுக்கு லேசர் பத்தி கொஞ்ச நேரம் பேசினேன். கடைசியில "சில லேசர் பல்ஸ் ரொம்ப ரொம்பச் சின்னது, மெமரி செய்யிற பொருள்ல இருக்கிற அணுங்களை அது சூடாக்கறதுக்கு முன்னாடியே அசைச்சிடும்"னு ஒரு வரி சொன்னேன், அதோட நேரம் முடிஞ்சிருச்சு. (பல்ஸ்னா சட்டுனு வந்து சட்டுனு அணையிற ஒளித் துணுக்கு. மெமரி செய்யிற பொருள்னா சீடியிலயும் சிப்புலயும் தகவலைப் பதிஞ்சு வைக்கிற பொருள்.) இந்த மாசம் வந்த கேள்வி எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்திருக்கு. கூலிம், லூனாஸ், பாடாங் செராய்னு எல்லாம் நம்ம சுத்துவட்டாரம். அதனால இந்தத் தடவை வேற கேள்விங்களை ஒதுக்கி வெச்சுட்டு இதையே எழுதுறேன்.

"டீச்சரம்மா, என் மகன் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒரு சீடியில பதிஞ்சு வெச்சான். எழுதி, அழிச்சு, திரும்ப எழுதற சீடியாம். சாதாரண சீடியில எழுதினா அழிக்க முடியாதே, இதுல மட்டும் எப்படி முடியுது?" – பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர், பாடாங் செராய்

ஐயா, மத்த கேள்விங்களுக்கெல்லாம் உங்க கேள்விதான் வாசல், அதான் முதல்ல வெச்சிருக்கேன். அந்தச் சீடிக்குள்ள வெள்ளி, இண்டியம், ஆன்ட்டிமொனி, டெல்லூரியம் நாலும் கலந்த ஒரு மெல்லிய படலம் இருக்கு. டிவிடி, புளூரே வகையில ஜெர்மானியம், ஆன்ட்டிமொனி, டெல்லூரியம் மூணும் கலந்தது நிறைய வரும். இந்தக் கலவைங்களோட குணம் என்னன்னா, ஒரே பொருள் ரெண்டு விதமா இருக்கும். அணுங்க வரிசை வரிசையா ஒழுங்கா நிக்கிறது ஒரு நிலை, அப்போ நல்லா பளபளக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும். அணுங்க கண்டபடி கலைஞ்சு கிடக்கிறது இன்னொரு நிலை, அப்போ மங்கலாயிடும். உங்க மகன் எழுதினப்போ லேசர் ஒரு புள்ளியை சட்டுனு உருக்குச்சு, அது உடனே ஆறிப்போனதால அணுங்களுக்கு வரிசையில நிக்க நேரம் கிடைக்கல, கலைஞ்ச நிலையிலேயே உறைஞ்சு போச்சு. அழிக்கணும்னா உருகாத அளவுக்கு மிதமா சூடு காட்டினா போதும், அணுங்க நகர்ந்து திரும்ப வரிசைக்கு வந்துடும். ஜெர்மானியம் கலந்த அந்த வகைக்கு உருகறதுக்கு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேணும், வரிசைக்குத் திரும்பறதுக்கு சுமார் 150 டிகிரியில இருந்தே ஆரம்பிச்சிடும்.

இந்த வழியைத் திறந்துவிட்டவர் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கின்னு அமெரிக்கர். அவர் காலேஜ் பக்கம் போனவர் இல்ல, மெஷின் ஷாப்புல வேலை பழகி, புத்தகம் படிச்சு, தானே கத்துக்கிட்டவர். 1968ல அவர் எழுதின கட்டுரையில இருந்துதான் இந்தத் துறையே வளர்ந்துச்சு. ஃபேக்டரியில மெஷின் ஓட்டுற நம்ம பசங்க இந்தப் பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

ஐயா, அந்தத் திருவிழாவை சீக்கிரமா ஒரு ஹார்ட் டிஸ்க்குல காப்பி எடுத்து வைங்க. அழிச்சு எழுதற சீடி காலத்துக்கும் நிக்கும்னு நம்பி விட்டுடாதீங்க, அதைப் படிக்கிற பிளேயரும் கடையில குறைஞ்சுக்கிட்டே வருது.

"டீச்சர், லேசர் பட்டா பொருள் சூடாகும், சூடானா அணு அதிகமா அதிரும், இதுதானே நாங்க படிச்சது? சூடாக்கறதுக்கு முன்னாடியே அசைக்கும்னு நீங்க சொன்னது புரியல. சூடு இல்லாம அணு எப்படி அசையும்?" – படிவம் ஆறு மாணவி, லூனாஸ்

நீ படிச்சது தப்பே இல்லம்மா. நீ சொன்ன வரிசையில ஒரு படி விட்டுப்போச்சு, ஏன்னா சாதாரண லேசர்ல அந்தப் படி கண்ணுக்கே தெரியாது. ஒளி வந்து பட்டதும் முதல்ல அதை வாங்கிக்கிறது அணு இல்ல, எலக்ட்ரான். எலக்ட்ரான் ரொம்ப லேசானது, உடனே மேல் நிலைக்குத் தாவிடும். அந்தச் சக்தியை அது கொஞ்சம் கொஞ்சமா அணுங்களுக்குக் கொடுத்து முடிக்க சில பிக்கோசெகண்ட் ஆகும். நாம சூடுன்னு சொல்றது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பல்ஸ் நீளமா இருந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து சூடு மட்டும்தான் தெரியும். பல்ஸ் 50 ஃபெம்டோசெகண்ட்னு வெச்சுக்கோ, அப்போ எலக்ட்ரான் மாறிடுச்சு, அணு இன்னும் பழைய இடத்துலயே குளிர்ச்சியா நிக்குதுன்னு ஒரு இடைவெளி கிடைக்கும். (ஒரு செகண்டைப் பத்து லட்சமா உடைச்சு, அதுல ஒரு துண்டைத் திரும்ப நூறு கோடியா உடைச்சா ஒரு ஃபெம்டோசெகண்ட். ஆயிரம் ஃபெம்டோ சேர்ந்தா ஒரு பிக்கோ. செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுற ஒளியே 50 ஃபெம்டோசெகண்ட்ல 0.015 மில்லிமீட்டர்தான் போகும்.)

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையா படி. ஆன்ட்டிமொனியை எடுத்துக்கோ, மெமரிக் கலவையில முக்கியமான ஆளு. அதுல ஒரு அணுவுக்கு எல்லாப் பக்கத்து அணுவும் ஒரே தூரத்துல இருக்காது. சிலது கிட்ட இருக்கும், சிலது கொஞ்சம் தள்ளி இருக்கும். ஜெர்மானியமும் டெல்லூரியமும் சேர்ந்த பொருள்லயும் இதே கதைதான். ஏன் இப்படி கிட்டயும் தள்ளியும் நிக்கணும்? அப்படி நின்னாதான் அதோட எலக்ட்ரான்களுக்கு சக்தி குறையுது, அதுக்காகத்தான். இப்போ லேசர் பல்ஸ் வந்து அந்த எலக்ட்ரான்ல கொஞ்சத்தை மேலே தூக்கிடுச்சுன்னா, தள்ளி நிக்கிறதுக்கான காரணமே வலு குறைஞ்சு போகுது. அணு நகரவே இல்ல, ஆனா அது நிக்க வேண்டிய இடம் நகர்ந்து போச்சு. உடனே அணு அந்தப் புது இடத்தை நோக்கி ஓடும், ஓடின வேகத்துல அதைத் தாண்டிப் போகும், திரும்ப வரும், இப்படியே ஆட ஆரம்பிக்கும். யாரும் அதைச் சூடாக்கல, எலக்ட்ரான் மாறினதாலேயே தள்ளு கிடைச்சிருச்சு. இந்த விளக்கத்தை 1992ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவங்க தெளிவா எழுதி வெச்சாங்க.

ஆன்ட்டிமொனியில அந்த ஆட்டம் செகண்டுக்கு சுமார் 4.5 லட்சம் கோடி தடவை. அதாவது ஒரு தடவை போய் வர 220 ஃபெம்டோசெகண்ட் மாதிரி. பல்ஸ் இந்த நேரத்தை விடச் சின்னதா இருந்தாகணும், இல்லன்னா தள்ளு இழுவையாகி ஆட்டமே பிறக்காது.

சூட்டால வர்ற அதிர்வுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இன்னொண்ணும் இருக்கு. நம்ம ஊர் உறுமி மேளக் குழு கோயில் வாசல்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மேளத்தைத் தட்டிப் பார்ப்பாங்க இல்ல, சத்தம் பலமா இருக்கும் ஆனா தாளம் இருக்காது, தலைவர் ஒரு சைகை காட்டினதும் எல்லார் குச்சியும் ஒரே நேரத்துல விழும். சூடு அந்த முதல் சத்தம் மாதிரி, கோடிக்கணக்கான அணு ஆடுது, ஆனா ஒண்ணு வலது பக்கம் போறப்போ இன்னொண்ணு இடது பக்கம் போகும். சின்ன பல்ஸ் சைகை மாதிரி, வெளிச்சம் பட்ட இடத்துல இருக்கிற அணு எல்லாம் ஒரே திசையில ஒரே சமயத்துல கிளம்புது. அந்தத் தாளம் ரொம்ப நேரம் நிக்காது, சில பிக்கோசெகண்ட்ல ஒவ்வொண்ணா விலகி கடைசியில வெறும் சூடாயிடும்.

எவ்வளவு தூரம் ஆடுதுன்னு கேட்டா, 2003ல பிஸ்மத்ல (ஆன்ட்டிமொனியோட பங்காளி) எக்ஸ்ரே வெச்சு அளந்தாங்க, பக்கத்து அணுவோட தூரத்துல 5ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் போயிருச்சு. சாதாரணமா அந்த ஆட்டம் 10 சதவீதம் பக்கம் வந்தாலே பொருள் உருகிடும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, லிண்டமன்னு ஒருத்தர் 1910ல சொன்னது. அப்போ எவ்வளவு கிட்டப் போய் வந்திருக்கு பாரு. பல்ஸை இன்னும் பலமாக்கினா ஆட்டத்தோட வேகமே குறையும், ஏன்னா அணுக்கு அணு இருக்கிற பிடி தளர்ந்து போகுது.

"டீச்சர், எங்க ஃபேக்டரியில இருக்கிற ஆஸிலோஸ்கோப் நானோசெகண்ட் அளக்கறதுக்கே தடுமாறும். நீங்க சொல்ற ஃபெம்டோசெகண்டை எந்த மெஷின் வெச்சுப் பார்க்கிறாங்க? அவ்வளவு வேகமான கேமரா இருக்கா?" – ஷிப்ட் டெக்னீஷியன், கூலிம்

தம்பி, இந்த அளவுல கேமராவுக்குப் பதிலா தூரத்தை வெச்சுத்தான் நேரத்தை அளக்கிறாங்க. ஒரே லேசர் பல்ஸை ரெண்டாப் பிரிப்பாங்க. பலமானது முதல்ல போய் பொருளை அடிக்கும், பலவீனமானது பின்னாடி வந்து அந்த நேரத்துல பொருள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புதுன்னு பார்த்துட்டு வரும். பின்னாடி வர்றதை எவ்வளவு தாமதிக்கணும்கிறதை ஒரு கண்ணாடியை நகர்த்தி முடிவு பண்ணுவாங்க. கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் தள்ளினா ஒளி போய் வர 0.3 மில்லிமீட்டர் கூடுதல் பாதை, அது சரியா 1 பிக்கோசெகண்ட். 10 ஃபெம்டோசெகண்ட் வேணும்னா கண்ணாடி 1.5 மைக்ரான் (0.0015 மில்லிமீட்டர்) நகர்ந்தா போதும், அந்த அளவுக்கு நகர்த்துற மேடைங்களை நீங்களே ஃபேக்டரியில தினம் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ஒளியை அளக்கிற டிடெக்டர் மெதுவா இருந்தாலும் பரவாயில்ல, அது மொத்தமா எவ்வளவு ஒளி வந்துச்சுன்னு மட்டும் எண்ணினா போதும். ஒவ்வொரு கண்ணாடி நிலைக்கும் லட்சக்கணக்கான தடவை இதையே திரும்பத் திரும்பச் செஞ்சு சராசரி எடுப்பாங்க. ஏன்னா தேடுற மாற்றம் பத்தாயிரத்துல ஒரு பங்கு, சில சமயம் அதை விடவும் கம்மி. அந்தப் புள்ளிங்களை எல்லாம் கோர்த்து வரைஞ்சா, ஒளி கூடிக் குறைஞ்சு கூடிக் குறைஞ்சு ஒரு அலை தெரியும். அந்த அலைதான் அணு ஆடுற ஆட்டம், நேரடியா.

இதுல நம்ம ஆள் ஒருத்தரைச் சொல்லாம போக முடியாது. திருச்சிராப்பள்ளி பக்கம் பிறந்த சி.வி.ராமன் 1928ல கண்டுபிடிச்ச விளைவும் ஒளியை வெச்சு அதிர்வைப் படிக்கிறதுதான், 1930ல நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது அது. அவர் வழியில பார்த்தா எந்த வேகத்துல அதிருதுன்னு தெரியும். இந்த ரெண்டு பல்ஸ் வழியில அந்த அதிர்வு எப்போ பிறந்துச்சு, எந்தப் பக்கம் முதல்ல போச்சு, எப்போ அடங்குச்சுங்கிறது வரைக்கும் தெரியும். பல்ஸைப் பலமாக்கற வித்தைக்கு (முதல்ல நீட்டி, பெருக்கி, திரும்ப அமுக்குறது) டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார் மூரூ ரெண்டு பேருக்கும் 2018ல நோபல் கிடைச்சுது, அவங்க அதைச் செஞ்சது 1985லயே.

"உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்து மகள் பாசார் மாலாம்ல (ராச்சந்தையில) ஒரு பச்சை லேசர் பாய்ண்டர் வாங்கிட்டு வந்துட்டா, அதுல பழைய டிவிடியை வெச்சு சோதனை பண்றா. விடலாமா டீச்சர்?" – ஒரு அம்மா, லூனாஸ்

விடாதீங்கம்மா. அதுல வர்றது தொடர்ந்து எரியிற ஒளி, பல்ஸ் இல்ல, அணு ஆடுறதை அதால காட்ட முடியாது. டிவிடி கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பும், அது நேரா கண்ணுக்குள்ள போனா பார்வை போயிடும், போனது திரும்பாது. மலிவான பச்சை பாய்ண்டர்ல ஒட்டின லேபிளை விட பலம் கூடுதலா இருக்கிறதும் நடக்குது. புள்ளைக்கு ஆர்வம் இருந்தா டிவிடியை ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல சாய்ச்சு வானவில் பார்க்கச் சொல்லுங்க, வெயிலை நேரா அதுல விழ வைக்காம. அதுலயே அலை பத்தி நிறைய கத்துக்கலாம்.

"இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதால என்ன பிரயோஜனம்? என் ஃபோன்ல இந்த மெமரி இருக்கா? சூடு இல்லாம லேசர்லயே எழுதற மெமரி எப்போ வரும்?" – கல்லூரி மாணவர், கூலிம்

உங்க ஃபோன்ல இருக்கிறது ஃபிளாஷ் மெமரி தம்பி, அது வேற வகை. இந்தக் கலவையை கரண்ட்டால சூடாக்கி எழுதற மெமரி சிப் கடைக்கு வந்துச்சு. இன்டெல், மைக்ரான்கிற ரெண்டு கம்பெனியும் 2015ல அறிவிச்ச மெமரியைப் பிரிச்சுப் பார்த்தவங்க உள்ளே இந்த வகைப் பொருள் இருக்கிறதைக் காட்டினாங்க, ஆப்டேன்கிற பேர்ல வித்துச்சு, 2022ல இன்டெல் அதை நிறுத்தறதா சொல்லிடுச்சு. காருக்குள்ள போற சில கட்டுப்பாட்டு சிப்புகள்ல இன்னைக்கும் இந்த மெமரி இருக்கு. 1972லயே இன்டெல் பினாங்குக்கு வந்த நாடு நம்ம நாடு, தோட்டத்துல இருந்து பஸ் ஏறி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போன அக்காமாருங்க எத்தனை பேர், அதனால இதெல்லாம் நமக்கு எங்கேயோ நடக்கிற கதை இல்ல.

சிக்கல் எங்க இருக்குன்னா எல்லாமே சூட்டை நம்பி இருக்கு. ஒவ்வொரு புள்ளியையும் 600 டிகிரிக்கு மேல கொண்டு போகணும்னா கரண்ட் செலவு, பக்கத்துப் புள்ளியும் சூடாகும், பொருளும் தேயும். கலைஞ்சதுல இருந்து வரிசைக்கு வர்றது உருக்கிக் கலைக்கிறதை விட மெதுவான வேலை. 2012ல சிங்கப்பூர், கேம்பிரிட்ஜ் ஆட்கள் சேர்ந்து, முன்னாடியே ஒரு சின்ன வோல்டேஜ் கொடுத்து அணுங்களைக் கொஞ்சம் தயார் பண்ணி வெச்சா 500 பிக்கோசெகண்ட்ல வரிசைக்கு வருதுன்னு காட்டினாங்க. அது பெரிய வேகம், ஆனாலும் அணு ஒரு தடவை ஆடுற நேரத்தோட ஒப்பிட்டா ரெண்டாயிரம் மடங்கு மெதுவு. அப்போ அணுவோட ஆட்டத்தையே நேரா பயன்படுத்த முடியாதாங்கிற கேள்வி தானா வருது இல்ல?

ஜப்பான்ல சுகுபாவைச் சேர்ந்தவங்க 2011ல அதைத்தான் செஞ்சு பார்த்தாங்க. ஜெர்மானியம்-டெல்லூரியம் ஒரு அடுக்கு, ஆன்ட்டிமொனி-டெல்லூரியம் ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி அடுக்கி, அதுமேல ஒரு பல்ஸுக்குப் பதிலா ஜோடி பல்ஸ் விட்டாங்க. முதல் பல்ஸ் ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கும். ரெண்டாவது பல்ஸ் எப்போ வருதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. அணு ஒரு முழு சுத்து முடிச்ச நேரத்துல வந்தா ஆட்டம் கூடும், பாதி சுத்துல வந்தா ஆட்டம் நின்னே போகும். ரெண்டாவது பல்ஸைச் சரியா அமைச்சா, ஜெர்மானியம் அணுவைச் சுத்தி இருக்கிற டெல்லூரியம் நாலுங்கிற அமைப்பு ஆறுங்கிற அமைப்புக்கு மாறுது, அதுவும் சில ஆட்டத்துக்குள்ள, சுமார் 1 பிக்கோசெகண்ட்ல, உருகாமலேன்னு எழுதினாங்க. படிச்சப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு.

ஆனா உடனே தீர்ப்பு எழுதிடக்கூடாது. 2015ல ஜெர்மனி, ஸ்பெயின் பக்கத்து ஆராய்ச்சியாளருங்க வந்த முடிவு இதுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அவங்க ஒளி எவ்வளவு திரும்புதுன்னும் பார்த்தாங்க, எலக்ட்ரான் கற்றையை விட்டு அணு எங்க இருக்குன்னும் தனியா பார்த்தாங்க. ஒளி சம்பந்தமான குணம் 100 ஃபெம்டோசெகண்ட் மாதிரி நேரத்துலயே தலைகீழா மாறிடுச்சு, ஆனா அணுங்க அப்போ இன்னும் வரிசையிலதான் நின்னுச்சு, கலைய சில பிக்கோசெகண்ட் ஆச்சு. காரணம், இந்தப் பொருள் பளபளக்கறதே எலக்ட்ரான்கள் பல அணுங்களுக்கு நடுவுல வரிசையாப் பகிர்ந்து நிக்கிறதாலதான், லேசர் அந்தப் பகிர்வை முதல்ல உடைச்சிடுது. ஆக ஒளி மாறினதை மட்டும் பார்த்து அமைப்பே மாறிடுச்சுன்னு சொல்றது அவசரம். என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, உருகாமலே மாறுச்சுன்னு யாராவது சொன்னா எக்ஸ்ரேயோ எலக்ட்ரான் கற்றையோ வெச்சு அணுவையும் பார்த்தாங்களான்னு முதல்ல கேட்கணும். அதுக்காக ஜப்பான்காரங்க வேலை வீண்னு அர்த்தம் இல்ல, அவங்க காட்டின அதிர்வு நிஜம், ரெண்டு பல்ஸால அதை ஏத்தி இறக்க முடிஞ்சதும் நிஜம்.

எப்போ வரும்னு கேட்டீங்க. ஃபெம்டோசெகண்ட் லேசரும் அதோட கண்ணாடிங்களும் ஒரு பெரிய மேசையை அடைச்சுக்கும், அதை ஃபோனுக்குள்ள வைக்கப் போறாங்கன்னு நான் நம்பல. ஆனா கண்ணாடி நார் மாதிரி ஒளி ஓடுற பாதையையே சிப்புமேல வரைஞ்சு, அதுமேல ஒரு துளி இந்தக் கலவையை வெச்சு, ஒளியாலேயே எழுதிப் படிக்கிற மெமரியை 2015ல ஐரோப்பாவுல செஞ்சு காட்டிட்டாங்க. அது சூட்டை நம்பினதுதான், பல்ஸும் இவ்வளவு சின்னது இல்ல. அந்த மாதிரி சிப்புல எழுதற வேகத்தை எது வரைக்கும் இழுக்கலாம், எங்க பொருளே முடியாதுன்னு நிக்கும்னு சொல்லப்போறது இந்த அதிர்வு சோதனைங்கதான். பிரயோஜனம் எனக்குத் தெரிஞ்சு அங்கதான் இருக்கு.

"டீச்சர், இதை நம்ம நாட்டுல எங்க படிக்கலாம்? எஸ்டிபிஎம் (படிவம் ஆறு) பரீட்சைக்கு என்ன பாடம் எடுக்கணும்?" – அதே லூனாஸ் மாணவி, ரெண்டாவது கேள்வி

பௌதிகம், உயர்கணிதம் ரெண்டையும் விடாத. அலை, அலைவு, ஒளியியல் பாடங்களைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காம கணக்குப் போட்டுப் பழகு, மேல சொன்ன எல்லாத்துக்கும் அடி அதுதான். பினாங்குல மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துல பௌதிகத் துறை இருக்கு, வீட்டுல இருந்து ரொம்பத் தூரமும் இல்ல. மலாயா பல்கலைக்கழகத்துல ஃபோட்டானிக்ஸ் (ஒளியை வெச்சு வேலை செய்யிற துறை) ஆராய்ச்சி மையம் இருக்கு, கண்ணாடி நார்லயே சின்னச் சின்ன பல்ஸ் செய்யிற லேசர்ல அவங்க நிறைய வேலை செஞ்சிருக்காங்க, டெல்லூரியம் கலந்த பொருளும் அதுல பயன்படுது. பள்ளி மூலமா மையத்தைச் சுத்திப் பார்க்க அனுமதி கேட்டு கடிதம் போடச் சொல்லு. கடிதம் எழுத உதவி வேணும்னா பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுது, மலாய்லயும் இங்கிலீஷ்லயும் நானே எழுதித் தர்றேன்.